அடிபம்பு அம்மன்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புச் சுவரில் பெரிய டிவி மாதிரி ஒரு பலகை மாட்டினார்கள். அதில் நெட் வரும். கையால் தொட்டால் படம் நகரும். சமூக அறிவியல் டீச்சர் வந்ததும் ஜன்னல்களைச் சாத்திவிட்டு அதைப் போடுவார். நான் அங்கே ஆயம்மா. பெருக்குவது, தண்ணீர் டிரம்மை நிரப்புவது, மணி அடிப்பது, ஒண்ணாவது பிள்ளைகள் நனைத்துக்கொண்டால் உடுப்பு மாற்றிவிடுவது என் வேலை. அந்தப் பீரியடில் மட்டும் ஏழாம் வகுப்பு வராந்தாவைக் கொஞ்சம் மெதுவாகப் பெருக்குவேன்.

நான் படித்தது அஞ்சாவது வரை. டீச்சர் சொல்வதில் பாதி புரியாது. ஆனால் படம் எல்லாருக்கும் ஒன்றுதானே. ஒருநாள் மண்ணுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்த பழைய ஊர் ஒன்றைக் காட்டினார். தெருத் தெருவாக உள்ளே போய் வந்தார். "சாக்கடையைப் பாருங்க, அந்தக் காலத்துலயே மூடி போட்டிருக்காங்க" என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "எங்க தெருவுல இன்னும் போடல மிஸ்" என்றது. டீச்சரும் சிரித்துவிட்டார். நானும் துடைப்பத்தோடு திரும்பி நின்று சிரித்தேன்.

இன்னொரு நாள் மேலேயிருந்து எடுத்த எங்கள் ஊர்ப்படத்தைப் போட்டார். துறைமுகத்துக் கிரேன்கள், தீப்பெட்டி அடுக்கின மாதிரி கன்டெய்னர்கள், கடலோரத்தில் கொட்டின பாறைகள், டோல்கேட்டிலிருந்து வடக்கே போகிற ரோடு, அதில் நகராமல் நிற்கிற டிரெய்லர்கள். பிள்ளைகள் எழுந்து ஓடிப்போய், "இது எங்க வூடு", "இது எங்க மாமா மீன் கடை" என்று பலகையைத் தொட்டார்கள். பெரிய ரோடுகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. எங்கள் சந்துகளுக்கு இல்லை. சாம்பல் கோடு மாதிரி கிடந்தன.

"இந்த மேப்புல நாமளே பேர் எழுதலாம்" என்றார் டீச்சர். நாலு பேருக்கு ஒரு சந்து. அந்தச் சந்துக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். அங்கே என்ன இருக்கிறதோ அதைப் போட்டோ எடுக்க வேண்டும். பிறகு வகுப்பில் எல்லாரும் பார்க்க மேப்பில் ஏற்ற வேண்டும். அதுதான் ப்ராஜெக்ட்.

எங்கள் சந்துக்குக் கார்ப்பரேஷன் ஏட்டில் ஒரு நம்பர்தான். வாயால் சொல்லும் பெயர் ஊமச்சி சந்து.

அந்த ஊமச்சி நான்தான்.

நான் ஊமை இல்லை. வியாசர்பாடியிலிருந்து கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு வயசு. சின்னதிலிருந்தே புது ஆளைப் பார்த்தால் வாய் வராது. அப்போது தண்ணீருக்கு அடிபம்பும் லாரியும்தான். லாரி வந்தால் சந்தே இரண்டாகும். குடத்தை முன்னே தள்ளினாள், பின்னே தள்ளினாள் என்று தினம் சண்டை, முடியைப் பிடிக்கிற அளவுக்கு. நான் மட்டும் குடத்தை வைத்துவிட்டுச் சும்மா நிற்பேன். யார் குடம் யாருக்குப் பின்னால் என்று பார்த்துக்கொண்டே இருப்பதால் எனக்கு வரிசை மறக்காது. ஒருநாள் எதிர்வீட்டு அக்கா எல்லார் எதிரிலும் சொன்னார்: "பம்பு சாவியை அந்த ஊமச்சி கைல குடுங்கடி. அவதான் யாருக்கும் பரிஞ்சு பேச மாட்டா." பம்பைச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள் அப்போது. சாவி என்னிடம் வந்தது. வரிசையில் தகராறு என்றால் என்னைப் பார்ப்பார்கள். நான் விரலை நீட்டுவேன். அந்தக் குடம் முன்னே போகும்.

"ஊமச்சி வூட்டாண்ட நிறுத்துப்பா" என்று லாரி டிரைவரிடம் சொல்வார்கள். டிரைவர்கள் ஊமச்சி சந்து என்றார்கள். அவர்களிடமிருந்து ஆட்டோக்காரர்களுக்குப் போயிற்று, அப்புறம் கேஸ் சிலிண்டர் போடுகிறவர்களுக்கு. பெயர் நின்றுவிட்டது. அப்போது இருந்த குடும்பங்களில் பாதிக்குமேல் வேறு எங்கோ போய்விட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்ததிலிருந்து எல்லாருக்கும் நான் ஆயம்மா. என் மருமகளுக்கே இந்தச் சங்கதி தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படியான பெயரா அது.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு பெண் பிள்ளைகள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கையில் நோட்டும் ஒரு போனும். தலைவி மாதிரி ஒருத்தி, ரெட்டைச் சடைக்காரி, எங்கள் சந்தின் கோடி வீட்டுப் பெண். கெட்டிக்காரி.

"ஆயம்மா, ப்ராஜெக்ட்டுக்கு வந்துகீறோம். இந்தச் சந்துக்கு இன்னாத்துக்கு ஊமச்சி சந்துன்னு பேரு?"

உள்ளே மருமகள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நான்தான் அது என்று சொல்ல வாய் திறந்தேன். வழக்கம்போல வாய் வரவில்லை. நான் சும்மா நிற்கவும் அவர்களே பேச ஆரம்பித்தார்கள்.

"யாராச்சும் ஊமப் பொண்ணு கெணத்துல வுழுந்துட்டாளா?" என்றாள் ஒருத்தி.

"எங்க பெரிம்மா பேயின்னு சொல்லிச்சு" என்றாள் இன்னொருத்தி.

"பேயாவது, ஒண்ணாவது. அம்மனா இருக்கும்டி" என்றாள் ரெட்டைச் சடை. என்னைப் பார்த்து, "இன்னா ஆயம்மா, அம்மன்தான?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"அந்தப் பம்பாண்ட மஞ்சா, குங்குமம்லாம் கீதே, அதான?"

அதற்கும் ஆட்டினேன். போனால் போதும் என்று இருந்தது எனக்கு.

அந்த அடிபம்பு வறண்டு பல வருஷம் ஆகிறது. கைப்பிடி கூட இல்லை, இரும்புக் குழாய் மட்டும் நிற்கிறது. ஆனால் ஆயுத பூஜை வந்தால் சந்தில் யாராவது ஆட்டோவுக்கும் மெஷினுக்கும் வைத்த கையோடு அதற்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிடுவார்கள். ஒரு காலத்தில் எல்லாருக்கும் தண்ணி கொடுத்ததாயிற்றே என்று ஒரு பழக்கம். அந்த மஞ்சள் அப்படியே படிந்து போயிருந்தது. பிள்ளைகள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை நான் டிரம்மில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வகுப்பில் கைதட்டல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பலகையில் எங்கள் பம்பு ஆள் உயரத்துக்கு நின்றது. கீழே 'ஊமச்சி அம்மன் கோயில்' என்று எழுதியிருந்தது. ரெட்டைச் சடை, "எங்க ஆயம்மாதான் மிஸ் சொன்னாங்க" என்றாள். டீச்சர் வெளியே நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பக்கெட்டில் மக்கை இன்னொரு முறை முக்கி எடுத்தேன். ஒரு குழாய்ப் போட்டோவை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பார்த்தார்கள்.

அது வகுப்புக்கு மட்டும் தெரிகிற மேப் இல்லை, எல்லார் போனிலும் வருகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு மாசம் போயிருக்கும். எதிர்வீட்டு அக்கா, எனக்குச் சாவி வாங்கிக் கொடுத்த அதே அக்கா, இப்போது கோல் ஊன்றித்தான் நடப்பார், என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாடி, நம்ப சந்துல அம்மன் கோயிலு கீதாமே? எனக்குத் தெரியாம எப்பக் கட்டின?"

"யாருக்கா சொன்னது?"

"காலைல ரெண்டு பொம்பளைங்க எலுமிச்சம்பழத்தோட வந்து நிக்கிறாளுங்க. போன காட்றாளுங்க. அதுல நம்ப பம்பு. ஒரே பேஜாரு. 'எம்மா, அது தண்ணி பம்பு'ன்றேன், கேக்காம சுத்தி வந்து கும்புட்டுட்டுப் போறாளுங்க."

அக்கா கோலைத் தட்டிச் சிரித்தார். டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் போனேன். டீச்சர் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். மேஜையைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கு மறுநாளும் துடைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயசு இருக்காது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை, மூணு வயசைத் தாண்டினது. இடுப்பில் வைக்கிற வயசில்லை, ஆனால் வைத்திருந்தாள். கையில் பூ, கற்பூரம். போனைப் பார்த்துக்கொண்டே வந்தவள் என் வாசலில்தான் நின்றாள்.

"ஆண்ட்டி, ஊமச்சி அம்மன் கோயிலு இதானே? எண்ணூர்லேர்ந்து வரோம். ரெண்டு பஸ்சு மாறி."

நான் பதில் சொல்வதற்குள் அவள் பம்பைப் பார்த்துவிட்டாள். முகத்தில் ஒரு ஏமாற்றம் வந்து போயிற்று. பெரிய கோயிலாக நினைத்திருப்பாள் போல. பிறகு அதுவே நம்பிக்கையாகிவிட்டது.

"சின்னதா கீற சாமிக்குத்தான் சக்தி ஜாஸ்தின்னு எங்க மாமியா சொல்லும்" என்று சொல்லிக் குழந்தையை இறக்கிவிட்டாள். "இது பேசல ஆண்ட்டி. ஒரு வார்த்த கூட வர்ல. மாதா கோயிலுக்குப் போனேன், தர்காவுல தண்ணி ஓதி வாங்கினு வந்தேன். போன்ல சும்மா தேடினுருந்தப்ப இந்த அம்மன் வந்துச்சு. ஊமச்சின்னு பேரைப் பாத்ததும் எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. நமக்குன்னே கீற சாமின்னு."

முந்தானையை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளித் தகட்டில் செய்த நாக்கு. கண்மலர், கை, கால் என்று நேர்ந்துகொண்டு போடுவார்களே, அதில் நாக்கு. கட்டை விரல் அளவு. அதைப் பம்பில் கட்ட ஒரு மஞ்சள் கயிறும் கொண்டுவந்திருந்தாள்.

அவள் முடிச்சுப் போடக் குனிந்தபோது நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். எப்படிப் பிடித்தேன் என்று தெரியாது.

"கட்டாதம்மா. இது சாமி இல்ல."

"இன்னா ஆண்ட்டி?"

"இது தண்ணி பம்பு. ஊமச்சின்றது நான்தான். பசங்க வந்து கேட்டாங்க. வெக்கமா இருந்துச்சு. அம்மனான்னாங்க, ஆமான்னு தலைய ஆட்டிட்டேன். அதான் போன்ல வந்துடுச்சு."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

"நீங்க ஊமையா கீந்தீங்களா? அப்பறம் எப்பிடிப் பேச வந்துச்சு? எத்தினி வயசுல?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என்னையே சாமியாக்கிவிடுவாள் போல இருந்தது. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். மருமகள் வந்து நின்றாள். அவள் காதுபடவே எல்லாவற்றையும் சொன்னேன், குடம், வரிசை, சாவி, லாரி. எனக்கு எப்போதும் பேச வரும், கூச்சத்தால்தான் பேசவில்லை என்று. வந்தவள் கேட்டுக்கொண்டாள். குழந்தை தரையில் உட்கார்ந்து என் மருமகள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. நாங்கள் மூணு பேரும் திரும்பினோம். குழந்தை திரும்பவில்லை.

"காது காட்டினியாம்மா?" என்றேன்.

"காதா? பேச்சுதான ஆண்ட்டி வர்ல."

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் டாக்டர்கள் வந்து பிள்ளைகளைப் பார்ப்பார்கள். ஒண்ணாவதில் ஒரு பிள்ளையை, காது கேட்காததால்தான் பேச்சு வரவில்லை என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியது எனக்குத் தெரியும். நான்தான் அந்த அம்மாவோடு முதல் நாள் துணைக்குப் போனேன். அதைச் சொன்னேன். எந்தப் பஸ், எந்த வாசல், சீட்டு எங்கே போட வேண்டும், எல்லாம் சொன்னேன். என் ஆயுசில் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அவ்வளவு பேசினது அன்றைக்குத்தான்.

அவள் எழுந்தாள். "கோயிலுக்குன்னு வந்தேன். ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பறீங்க" என்றாள். கோபமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. நாக்கைத் திரும்பவும் முந்தானையில் முடிந்துகொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் பெயரைக் கூட நான் கேட்கவில்லை.

அவள் போனதும் மருமகள், "ஊமச்சி நீங்கதானா அத்த?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பிறகு சாப்பிடக் கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை மேஜையைத் துடைக்காமல் நேரே போய் டீச்சர் முன்னால் நின்றேன். சொல்லி முடித்தபோது அவர் பேனாவை மூடி வைத்திருந்தார்.

"ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"வாய் வர்ல டீச்சர்."

"தப்பு எம்மேலயும்தான்" என்றார். உடனே போனை எடுத்து, இங்கே இப்படி ஒரு கோயில் இல்லை, எடுத்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பினார். "ஆனா இப்பவே போயிடாதும்மா. அவங்க பார்த்து சரின்னு சொன்னாத்தான் போகும்."

"அவங்கன்னா யாரு?"

"தெரியல. எங்கயோ இருக்கிறவங்க."

"போட்டப்ப ஒடனே வந்துச்சே டீச்சர்?"

"ஆமா" என்றார்.

அன்று வகுப்பில் அவர் சமூக அறிவியல் புத்தகத்தைத் திறக்கவில்லை. என்னையும் உள்ளே கூப்பிட்டார். நான் கதவோரம் நின்றேன். பிள்ளைகளிடம் நடந்ததைச் சொன்னார். "நாம ஆயம்மாகிட்ட கேள்வி கேக்கல. பதிலை நாமளே சொல்லிட்டு, ஆமாவான்னு கேட்டோம். இனிமே பதிலைக் கேள்விக்குள்ள வச்சுக் கேக்கக் கூடாது. ஒருத்தர் சொன்னா, இன்னும் ரெண்டு பேர்கிட்டயாவது தனித்தனியா கேக்கணும். நெட்டுல இருந்தாலும் அப்படித்தான், வீட்டுல சொன்னாலும் அப்படித்தான்" என்றார்.

பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. ரெட்டைச் சடையைப் பார்த்தார்கள். "அம்மன் வந்துட்டாங்கடா, வழி வுடுங்கடா" என்று இடைவேளையில் அவளை ஓட்டினார்கள். அவள் டிரம்மில் தண்ணீர் பிடிக்க வந்தபோது, "நீ இன்னாத்துக்கு ஆயம்மா தலைய ஆட்டின? தெர்லன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். கண் சிவந்திருந்தது. நான் அவள் தோளைத் தொடப் போனேன். அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் சில நாள் வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

மேப்பிலிருந்து கோயில் போகிறவரைக்கும் வருகிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் சந்து முனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கையில் பூவும் பழமுமாக யார் வந்தாலும் எழுந்து, "கோயில் இல்லீங்க, தப்பா போட்டுட்டாங்க" என்பேன். முதல் ஆளிடம் பாதியைத்தான் சொன்னேன். நாலாவது ஆளுக்குச் சாதாரணமாக வந்தது. பெரும்பாலும் திரும்பிப் போய்விட்டார்கள். ஒருத்தர் பஸ் காசு யார் கொடுப்பது என்று சத்தம் போட்டார்.

வெள்ளிக்கிழமை வந்த ஒரு வயசான அம்மா மட்டும் நம்பவில்லை.

"போன்ல போட்டுகீதேம்மா. நீ சொன்னா ஆச்சா?"

"நான்தாம்மா அந்த ஊமச்சி."

"நீதான் நல்லாப் பேசுறியே" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போய்ப் பம்புக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போய்விட்டாள். சின்னப் பிள்ளைகள் மிதித்துவிடப் போகிறார்களே என்று அது எரிந்து முடியும் வரை பக்கத்தில் நின்றேன்.

எட்டு நாளோ பத்து நாளோ கழித்து டீச்சர் என்னைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினார். சந்து இருந்தது. பம்பு இல்லை, கோயில் இல்லை. பெயரும் இல்லாமல் பழையபடி சாம்பல் கோடு.

"பேர் வைக்கணுமான்னு நீங்கதாம்மா சொல்லணும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ரெட்டைச் சடை வந்தாள், தனியாக. வாசல்படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். மேலே கோடு போட்டுத் தேதி எழுதினாள். "இந்தச் சந்துக்கு அந்தப் பேர் எப்படி வந்துச்சு?" என்றாள். அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை சொல்லவில்லை. காத்திருந்தாள். நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நிறுத்தின இடத்திலெல்லாம் அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். இரண்டு பக்கம் ஆயிற்று.

"எழுதிட்டேன். ஆனா இத்த அப்படியே போட மாட்டேன்" என்றாள். "இன்னும் ரெண்டு பேரக் கேக்கணும்."

எதிர்வீட்டைக் காட்டினேன். அவள் எழுந்து போனாள். அக்காவுக்குக் காது மந்தம், அதனால் பேச்சு சந்து முழுக்கக் கேட்கும். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஊமச்சியா? தோ எதிர்த்தாப்ல கீறாளே, உங்க ஆயம்மா, அவதான். புதுசா வந்தப்ப ஒரு வார்த்த பேச மாட்டா. வெக்கம்னு சொன்னாளா? வெக்கமெல்லாம் இல்லடி, திமிரு. நம்மகூட இன்னா பேச்சுன்னு ஒரு இது. நாங்கல்லாம் அப்படித்தான் நெனச்சோம். ஆனா தண்ணில ஒரு நாள் கூட ஓரவஞ்சன பண்ணதில்ல, அத்தயும் எழுதிக்கோ."

திமிரா? எனக்கு முறத்தை வைத்துவிட்டு வெளியே போய், இல்லை அக்கா என்று சொல்லலாம் போல இருந்தது. இத்தனை வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்திருக்கிறோம். அவர்களுக்கெல்லாம் நான் அப்படித் தெரிந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அந்தப் பெண், "திமிருன்னு எழுதட்டா?" என்று கேட்டாள். அக்கா, "எழுது, எழுது" என்றார். அவள் எழுதிக்கொள்ளட்டும் என்று நான் அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தேன்.